சுட்டிக் காட்டுதல் பற்றி

பலவற்றில் ஒன்றை எடுத்து ‘இதுதான் சிறந்தது’ என்று சொல்கிறவன் என்ன காரியம் செய்கிறான்? ஒரு உண்மையைக் கண்டு சொல்கிறானா, தனக்குக் கிடைத்த அதிகாரத்தைப் பிரயோகிக்கிறானா, அல்லது தானம் கொடுக்கிறானா? சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. நமது விமர்சன சரித்திரத்தில் பாதி இதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. ஆனால் இலக்கியத்துக்குள் மட்டுமே வைத்து இதைப் பார்த்துப் பழகிவிட்டோம். எனக்கு இது ஒரு கவிதையை முன்னிட்டோ நாவலை முன்னிட்டோ வரவில்லை. சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் வந்தது. ஒரு கலைக் கல்லூரியின் கம்ப்யூட்டர் துறையில் வலைப்பக்க வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கிறேன். வருஷக் கடைசியில் மாணவர்கள் செய்த பக்கங்களில் சிறந்த ஒன்றின் பெயரைத் தாளில் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பெயர். அந்தப் பெயருக்கு ஒரு சான்றிதழ், ஒரு சின்னக் கேடயம், கண்காட்சி தினத்தில் அரங்கத் திரையில் ஐந்து நிமிஷம்.

அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிடலாம்தான். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய பரிசுகளில் தர நிர்ணயம் என்ற பிரச்னை எழுவதே அபூர்வம். சிபாரிசும் ஜாதியும் வயசும் பழைய கடன்களும் பேசி முடித்த பிறகு தரம் வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறது. சின்ன இடத்தில் அந்த மறைப்பு இல்லை. 38 மாணவர்கள், தேர்ந்தெடுக்கிறவன் ஒருவன். சிபாரிசுக்கு யாரும் வருவதில்லை, அதற்குத் தகுந்த விலை அந்தக் கேடயத்துக்கு இல்லை. பார்க்கிறவன், பார்க்கப்படும் பொருள், இரண்டைத் தவிர நடுவில் ஒன்றும் கிடையாது. கேள்வி அதன் அம்மணத்தில் நிற்கிறது.

பாடத்திட்டம் தந்திருக்கும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. 25 மதிப்பெண்ணில் தோற்றத்துக்கு 10, செயல்பாட்டுக்கு 10, ரெக்கார்ட் நோட்டுக்கு 5. மோசமானதைப் பரவாயில்லாததிலிருந்து பிரிக்க இது உதவும். பரவாயில்லாததை நல்லதிலிருந்து பிரிக்க இதனிடம் வழியில்லை. மேலே போகப்போக இந்த ஸ்கேலின் கோடுகள் தேய்ந்துவிடுகின்றன. 24க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் நோட்டுக்கு அட்டை போட்டதும் போடாததும்.

போன வருஷம் என் முன்னால் இருந்தவை இரண்டு பக்கங்கள். மற்ற 36ஐப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

ஒரு பையன், கற்பனையான காப்பிக் கம்பெனி ஒன்றுக்குப் பக்கம் செய்திருந்தான். திறந்ததும் திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு பித்தளை ஃபில்டர். அதன் அடியில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுகிறது. விழுகிற வேகத்தைக் கவனிக்க வேண்டும். சீரான வேகமாக இருந்தால் எந்தக் கற்றுக்குட்டியும் செய்துவிடுவான். இந்தத் துளி கனக்கக் கனக்க மெதுவாகி, உலோகத்தை விட்டுப் பிரிகிற கணத்தில் சட்டென்று வேகமெடுக்கிறது. அசைவின் வேகத்தை நிர்ணயிக்கும் வளைகோட்டுக்கு நான்கு எண்கள் உண்டு. அந்த நான்கையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னான். பக்கத்தைக் கீழே நகர்த்த நகர்த்த ஒரு டம்ளரில் டிகாக்ஷன் மட்டம் ஏறுகிறது. பின்னால் காப்பித் தோட்டம், மலை, மேகம், ஒவ்வொன்றும் வேறு வேறு வேகத்தில் நகர்கின்றன. இதையெல்லாம் ஏளனத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு துளி விழுவதை அந்தப் பையன் நிஜமாகவே உட்கார்ந்து பார்த்திருக்கிறான். நமது கவிஞர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இன்னொன்று ஒரு பெண் செய்தது. அவள் ஊர் பஸ் ஸ்டாண்டின் நேரப் பட்டியல். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரு அட்டவணை, அவ்வளவுதான். பட்டியலில் நான்கு பத்திகள்: போகும் ஊர், எந்த வழி, பலகையில் எழுதியிருக்கும் நேரம், பஸ் உண்மையில் வரும் நேரம். கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. பலகையில் 5.40, வருவது 5.55. பலகையில் 7.10, ‘வருவதில்லை’. அவள் மாமாவுக்கு ஸ்டாண்டுக்குள்ளேயே டீக்கடை. பஸ் எப்போ வரும் என்று நாள் முழுக்க அவரைத்தான் கேட்கிறார்களாம். நான்கு நாள் அந்தக் கடைப் பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்து வந்த பஸ்ஸையெல்லாம் எழுதியிருக்கிறாள். முழுப் பக்கத்தின் எடை 14 கிலோபைட். காப்பிப் பக்கம் 9 மெகாபைட், அதாவது 600 மடங்குக்கு மேல். ஸ்டாண்டில் நிற்கிறவன் கையில் இருக்கும் மலிவு செல்போனில், சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது, இதில் எது திறக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வலைப்பக்கம் மற்றக் கலைப் பொருள்களைப் போல இல்லை. அதற்குத் திரையில் தெரியும் முகம் ஒன்று, அடியில் கிடக்கும் எழுத்து ஒன்று. அந்த எழுத்தை எந்தப் பிரௌசரிலும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஓவியத்தின் பின்பக்கத்தைப் பார்ப்பது போல என்று சொல்ல நினைத்தேன். சரியில்லை, ஓவியனின் தயக்கங்களையும் சேர்த்துப் பார்ப்பது போல. அவள் பக்கத்தின் அடியில் போய்ப் பார்த்தபோது, திரைக்கு வராத சில காரியங்கள் இருந்தன. முதல் வரியிலேயே ‘இந்தப் பக்கத்தின் மொழி தமிழ்’ என்று பிரகடனம் செய்திருந்தாள். கண் தெரிகிறவனுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. கண் தெரியாதவர்கள் திரையிலுள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள்; என்.வி.டி.ஏ. என்பது அவற்றில் ஒன்று, 2006இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பக்கம் தன் மொழியைச் சொல்லாவிட்டால் இந்த வாசிப்பான் தமிழை இங்கிலீஷ் குரலில் வாசிக்கப் பார்த்து உளறலாம், அல்லது மௌனமாகத் தாண்டிப் போய்விடலாம். அட்டவணையின் தலைப்புக் கட்டங்களைத் தலைப்புகள் என்றே குறித்திருந்தாள். அப்படிக் குறித்தால் ஒவ்வொரு கட்டத்துக்குப் போகும்போதும் ‘வரும் நேரம், 5.55’ என்று குரல் சொல்லும். குறிக்காவிட்டால் வெறும் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். வராத பஸ்களைச் சிவப்பால் மட்டும் காட்டாமல் வார்த்தையாலும் சொல்லியிருந்தாள், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக. சின்ன எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று 2008இல் வந்த சர்வதேச விதிமுறை சொல்கிறது. அவளுடையது அதைத் தாராளமாகத் தாண்டியது.

இதெல்லாம் வகுப்பில் சொன்னவைதான். ஒரு மத்தியானம் கடைசி இருபது நிமிஷத்தில். 38 பேரும் கேட்டார்கள். உலகத் தொழில்காரர்களும் கேட்டுத்தான் இருக்கிறார்கள். 2024இல் வெப்எய்ம் என்ற அமைப்பு பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதித்ததில் 95.9 சதவீதத்தில் இந்த விதிமுறைகளின் மீறல்கள் இருந்தன. இயந்திரம் தானாகவே கண்டுபிடிக்கக்கூடிய மீறல்களின் கணக்கு மட்டும் இது. காணாதவற்றைச் சேர்த்தால் என்ன ஆகுமோ.

இன்னொரு தகவலும் சொல்ல வேண்டும். காப்பிப் பக்கத்தில் வாசகம் இருக்க வேண்டிய இடமெல்லாம் ‘லோரம் இப்ஸம்’ இருந்தது. அச்சுத் தொழிலில் பழகியவர்களுக்கு இது தெரியும்: எழுத்து எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்காக நிரப்பி வைக்கும் அர்த்தமற்ற லத்தீன். 1960களில் லெட்ராசெட் தாள்களில் விற்றார்கள், பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தது. அதன் மூலம் சிஸரோ கி.மு. 45இல் எழுதிய ஒரு நூல். நன்மை தீமைகளின் எல்லைகளைப் பற்றியது, அதாவது எது நல்லது, எதற்காக மனிதன் ஒன்றைத் தேட வேண்டும் என்ற விசாரணை. அந்தத் தர்க்கத்தை வெட்டி, எழுத்துக்களைக் கலைத்து, ஒருவரும் படிக்கமாட்டார்கள் என்ற நிச்சயத்தோடு உலகமெங்கும் இட்டு நிரப்புகிறோம். அந்தப் பையனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவன் பக்கம் அத்தனை அழகோடு யாரைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இங்கே நமக்குப் பழக்கமான ஒரு சண்டையின் ஞாபகம் வரும். உருவமா, உள்ளடக்கமா? முற்போக்குக்காரர்கள் ஒரு பக்கமும் ‘எழுத்து’ வழி வந்தவர்கள் ஒரு பக்கமும் நின்று வருஷக்கணக்கில் போட்ட சண்டை. இரண்டையும் பிரிக்கவே முடியாது என்று சொல்லித்தான் நம்மவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். வலை, தொழில்நுட்பக்காரர்களுக்கே உரிய வெகுளித்தனத்தோடு, அதைப் பிரித்துக் காட்டிவிட்டது. 1994இல் ஹோகோன் வியூம் லீ முன்மொழிந்து 1996 டிசம்பரில் விதியாக வந்த சி.எஸ்.எஸ். என்ற முறையில் உள்ளடக்கம் ஒரு ஃபைல், தோற்றம் இன்னொரு ஃபைல். 2003இல் டேவ் ஷே என்கிற கனடாக்காரர் ‘சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்’ என்று ஒரு தோட்டம் வைத்தார். உள்ளடக்க ஃபைல் ஒன்றே, அதை ஒரு எழுத்துக்கூட மாற்றக்கூடாது, யார் வேண்டுமானாலும் புதுத் தோற்றம் தைத்து அனுப்பலாம். 200க்கு மேல் உடுப்புகள் அந்த ஒரே உடம்புக்கு. ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்கள் அதைப் பார்த்துத்தான் கற்றார்கள். என் வகுப்பிலும் காட்டுகிறேன். அற்புதமான பயிற்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளடக்கம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும்போது சிறப்பு என்பது தோற்றத்தில் மட்டும்தான் இருக்க முடியும் என்று ஒரு பழக்கம் கண்ணுக்கு ஏறிவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த உள்ளடக்கம் இங்கிலீஷ். தமிழை உள்ளே விட்டால் பிரிவினை உடனே ஆட்டம் காண்கிறது. நாலு எழுத்துக்கு வெட்டிய பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ பிதுங்கி வெளியே தொங்குகிறது. தலைப்பைப் பெரிய எழுத்தாக்கு என்ற கட்டளைக்குத் தமிழில் அர்த்தமே இல்லை. சாய்வெழுத்து, யாரோ பிடித்துத் தள்ளியது போல நிற்கிறது. அந்தப் பெண் தன் அட்டவணையில் ஊர்ப் பெயர்ப் பத்தியை வழக்கத்துக்கு இரண்டு மடங்கு அகலமாக வைத்திருந்தாள். பட்டியலில் ‘ஒட்டன்சத்திரம்’ இருந்தது, அதனால்.

பரிசுத் தொழிலை வெளியில் எப்படி நடத்துகிறார்கள் என்றும் பார்த்தேன். 2009இல் தொடங்கிய ‘ஆவ்வார்ட்ஸ்’ என்ற சர்வதேசப் பரிசில் நடுவர்கள் பார்க்கும் விகிதம்: வடிவமைப்பு 40, பயன்பாடு 30, படைப்பூக்கம் 20, உள்ளடக்கம் 10. நேர்மைக்காகச் சொல்கிறேன், அடியில் கிடக்கும் எழுத்தின் தரத்துக்கு அங்கே வேறு பரிசு தனியாக உண்டு. 1996இல் தொடங்கிய ‘வெப்பி’ பரிசைப் பெறுகிறவர் மேடையில் ஐந்து வார்த்தைதான் பேசலாம் என்று ஒரு நல்ல விதி இருக்கிறது. நம் ஊர்ப் பாராட்டு விழாக்களுக்கு இதை இறக்குமதி செய்யலாம். பத்து சதவீதம் என்ற எண்தான் என்னை யோசிக்க வைத்தது. ஸ்டாண்டில் நான்கு நாள் உட்கார்ந்த காரியம் அந்தப் பத்துக்குள் அடக்கம்.

நான் அந்தப் பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் பையன் வந்தான். சண்டைக்கு வரவில்லை. “எதுல சார் கொறஞ்சுது?” என்றான். இதைவிட நியாயமான கேள்வி விமர்சனத்தில் கிடையாது. இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்ல நமது மரபில் வழி இருக்கிறது.

க.நா.சு. வழி ஒன்று. நல்லது எது என்று பெயர் சொல்லிவிடு, திரும்பத் திரும்பச் சொல், காரணம் கேட்டால் படித்துப் பார் என்று சொல். அவருடைய பட்டியல்களைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பட்டியல்களில் இருந்த பெயர்களைத்தான் பிற்பாடு எல்லோரும் காரண காரியங்களோடு கண்டுபிடித்தார்கள். காரணம் சொல்வது, கண்டதற்கு அப்புறம் வருகிற வேலை என்பதை அவர் உணர்ந்திருந்தார். செல்லப்பா வழி இன்னொன்று. அபிப்ராயம் சொல்லிவிட்டுப் போகாதே, பிரித்து அலசு, வரி வரியாக நிரூபி. 1959 ஜனவரியிலிருந்து 1970 வரை 119 இதழ்கள் ‘எழுத்து’ நடத்தி அவர் வற்புறுத்தியது அதைத்தான். இருவரில் ஒருவர் பக்கம் நிற்க வேண்டும் என்று நமக்குள் எழுதாத ஒரு விதி இருந்தது. அந்தப் பையன் மேஜைக்கு எதிரே நிற்கும்போது செல்லப்பாவைத் தவிர வேறு வழியில்லை என்று எனக்குப் பட்டது. வாசகனிடம் ‘போய்ப் படி’ என்று சொல்லலாம். தோற்றுப்போனவனிடம் அப்படிச் சொல்வது அகங்காரம். காரணம் அவனுக்கு நான் கொடுக்க வேண்டிய கடன்.

ஆகவே சொன்னேன். அவன் பக்கத்தையும் அவள் பக்கத்தையும் லேபில் கிடந்த பழைய செல்போனில் திறந்து காட்டினேன். அவனுடையது ஒரு நிமிஷத்துக்குமேல் சுற்றிக்கொண்டே இருந்தது. “இதை யாருக்காகப்பா செஞ்சே?” என்று கேட்டேன். “இன்டர்வியூல காட்ட சார்” என்றான். ஒளிவுமறைவில்லாத பதில். அவன் அப்பா காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். ஃபைலில் ஒரு சான்றிதழ் கூடுதலாக இருந்தால் ஏதோ ஒரு கம்பெனியில் அவன் தாள் அடியிலிருந்து மேலே வரலாம். அந்தப் பெண்ணுக்கு பி.எட். இடம் கிடைத்துவிட்டது. கேடயம் அவள் வீட்டில் அலமாரிக்குமேல் ஏறி உட்காரும், அவ்வளவுதான்.

சக ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் அவனுக்கே கொடுத்திருக்கலாமே, யாருக்கு என்ன நஷ்டம் என்றார். தயவு நிறைந்த மனிதர்; அவர் சொன்னதை லேசாகத் தள்ள முடியவில்லை. யாருக்குத் தேவையோ அவனுக்குக் கொடு என்பது நல்ல தர்மம். சோறு, மருந்து, வேலை விஷயத்தில் வேறு தர்மமே கிடையாது என்றுகூடச் சொல்வேன். ஆனால் ‘இது சிறந்தது’ என்கிற வாக்கியம் ஒரு வாக்கியம். அது மெய்யாக இருக்கலாம், பொய்யாக இருக்கலாம். தேவையை உத்தேசித்து அதைச் சொன்னால் பையனுக்கும் அது பொய்யென்று தெரியும். எனக்குத் தெரியும், மற்ற 37 பேரும் இரண்டு பக்கங்களையும் பார்த்தவர்கள். அவன் கையில் போய்ச் சேருவது அப்போது வெறும் தாள். அவன் பேரில் எனக்கிருந்த கடனை வேறு வகையில் தீர்த்தேன். சிபாரிசுக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தேன், அந்தத் துளியைப் பற்றி மட்டும், ஒரு முழுப் பக்கம்: நான்கு எண்கள், ஒரு வாரம், பிரிகிற கணம். பரிசுக்கு ஈடு என்று அதை நினைக்கவில்லை. அவன் செய்ததில் மெய்யாக இருந்ததைச் சொன்னேன், சொல்ல வேண்டியிருந்தது.

ஒருவரையுமே தேர்ந்தெடுக்கமாட்டேன் என்று மறுத்துவிடுவதைச் சிலர் உயர்ந்த நிலையாகக் கருதுகிறார்கள். வகுப்பு என்பது குதிரைப் பந்தயம் இல்லை, எல்லாரையும் தட்டிக்கொடுங்கள் என்பார்கள். அதில் ஒரு மென்மை இருக்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகும்? யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அரங்கத் திரையில் காப்பித் துளி தானாகவே ஜெயித்துவிடும். பளபளப்புக்கு யாரும் பரிந்து பேசவேண்டியதில்லை. பேச வேண்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாததற்குத்தான். மௌனமாக இருந்தாலும் தீர்ப்பு கொடுத்ததாகத்தான் ஆகும், எந்தப் பக்கம் என்பதும் முன்கூட்டியே நிச்சயம். தாமதமும் இதே ஜாதிதான். செல்லப்பா காலமானது 1998இல். சாகித்ய அகாதெமி அவரைக் கண்டுகொண்டது 2001இல்.

கண்காட்சியன்று ஐந்து நிமிஷம் பேசினேன். மொழிப் பிரகடனம், தலைப்புக் கட்டங்கள், வெளிச்ச விகிதம், டீக்கடைப் பெஞ்ச் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த வகுப்பு மாணவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த வருஷம் எனக்கு ஆறு பஸ் நேரப் பட்டியல்கள் வந்திருக்கின்றன.

ஆறில் மூன்று அதே ஸ்டாண்ட். 5.40, 5.55, அதே நேரங்கள். இடையில் அந்த பஸ்ஸின் நேரமே மாறிவிட்டது. யாரும் போய்ப் பார்க்கவில்லை, போன வருஷப் பக்கத்தைத் திறந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லாப் பக்கங்களிலும் மொழிப் பிரகடனம் இருக்கிறது, இங்கிலீஷில் எழுதிய இரண்டு பக்கங்களிலும் ‘மொழி தமிழ்’ என்று. படம் பார்க்க முடியாதவர்களுக்காகப் படத்தை வார்த்தையில் விவரிக்க ஒரு இடம் உண்டு. முன்பெல்லாம் அதைக் காலியாக விடுவார்கள், இப்போது ஒருவர் தவறாமல் நிரப்பியிருக்கிறார்கள்: ‘படம்’, ‘படம்’, ‘அழகான படம்’. வெறும் அலங்காரப் படமாக இருந்தால் அந்த இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விடுவதுதான் முறை, வாசிப்பான் தாண்டிப் போய்விடும். இப்போது கண் தெரியாத ஒருவர் இந்தப் பக்கங்களுக்கு வந்தால் குரல் ‘படம், படம், அழகான படம்’ என்று பிரார்த்தனை போலச் சொல்லிக்கொண்டே போகும். அக்கறையின் அடையாளங்கள் எல்லாம் வந்துவிட்டன, அக்கறை வரவில்லை. இயந்திரத்திடம் நாலு வரியில் கேட்டாலே இவ்வளவும் நொடியில் எழுதித் தந்துவிடும். சிலவற்றில் அதன் கை தெரிந்தது.

செல்லப்பா வழியில் ஒரு ஆபத்து இருப்பதை க.நா.சு. முன்பே மோப்பம் பிடித்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். காரணம் சொன்னவுடன் அது செய்முறைக் குறிப்பாகிவிடுகிறது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒருத்தி செய்ததை, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினேன். அதன் விளைவாக அது பார்ப்பதற்காகச் செய்யப்படும் பொருள் ஆயிற்று. அவள் பக்கத்தில் அந்த வரிகள் முகம் தெரியாத ஒருவரை நோக்கி எழுதப்பட்டவை. இந்தப் பக்கங்களில் அதே வரிகள் என்னை நோக்கி எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். எடுத்துக் காட்டி நிரூபிக்க ஒரு வித்தியாசமும் இல்லை. அலசல் இந்த இடத்தில் கைவிரித்துவிடுகிறது. காரணம் சொல்லாதிருந்தால்? நகல் எடுக்க ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனால் அந்தப் பையனின் கேள்வி பதில் இல்லாமல் நின்றிருக்கும், என் சொல் வெறும் அதிகாரமாகியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் சௌகரியமான ஒரு மூன்றாவது இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் நம்பவில்லை. காரணம் சொல்வதை விட்டுவிடப் போவதில்லை. சொல்வதற்கு விலை இருக்கிறது என்று தெரிந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நகல் என்ற வார்த்தையையும் இந்தத் துறையில் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் கையாள வேண்டும். 1993 ஏப்ரல் 30இல் சேர்ன் நிறுவனம் வலையின் மென்பொருளைப் பொதுச் சொத்து என்று அறிவித்தது. அன்றிலிருந்து இந்தத் தொழிலைக் கற்ற எல்லோரும், நான் உட்பட, பிறர் பக்கங்களின் மூலத்தைத் திறந்து, எடுத்து, மாற்றிப் பார்த்துத்தான் கற்றோம். பூட்டாமல் வைத்த வீடு இது. ஆகவே எடுத்ததற்காக யாரையும் நான் கோபிக்க முடியாது. எடுத்த பிறகு என்ன செய்தார்கள் என்றுதான் கேட்க முடியும்.

ஆறில் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அது வேறு ஊர், மலையடிவாரத்தில் சின்ன ஸ்டாண்ட். அட்டவணை, அகலம், நிறம், எல்லாம் போன வருஷப் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்தவை. மாற்ற முயற்சிகூடச் செய்யவில்லை. ஒரு பத்தி மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது: ‘கடைசியாகப் பார்த்த தேதி’. பதினேழு பஸ்களுக்கும் தனித்தனித் தேதி. இரண்டு வரிகளில் ‘இரண்டு முறை போனேன், பார்க்க முடியவில்லை’ என்று இருக்கிறது. மூலத்தில், திரைக்கு வராதபடி குறிப்பு எழுதுவதற்கென்று இருக்கும் இடத்தில், ஒரு வரி: ‘அமைப்பு போன வருஷ அக்காவுடையது. நேரங்கள் நான் பார்த்தவை.’

அளவுகோலின்படி தோற்றத்துக்கு இதற்குப் பத்தில் நான்குக்குமேல் போட வழியில்லை, பிறர் வேலை. துறையில் நகலுக்குப் பரிசா என்று கேட்பார்கள், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்தக் குறிப்பைக் கண்காட்சியில் எடுத்துக் காட்டினால் அடுத்த வருஷம் 40 பக்கங்களிலும் அப்படியொரு குறிப்பு இருக்கும் என்பதும் தெரியும். வியாழக்கிழமை நாலு மணிக்குள் தாளைக் கொடுக்க வேண்டும். இந்தப் பையனின் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து நிமிஷத்தில் என்ன பேசுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.